தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் முன்: வாசகர் கேள்வி-பதில்

எஞ்சின் சூடாவதைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருப்பதால், இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது 2014-ஆம் ஆண்டு வாங்கிய, ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பத்துச் சக்கர லாரி. சங்ககிரியிலிருந்து சிமென்ட் ஏற்றிக்கொண்டு ஓசூர் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. பட்டறையில், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சமவெளியில் முள் எழுவதே இல்லை. ஏற்றத்திலோ முன்போலவே சூடாகிறது. டீசலும் அதிகம் பிடிக்கிறது. மறுபடியும் போடலாம் என்று கடைக்குப் போனால் 76, 82 என்று எண் பொறித்த இரண்டைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– சங்ககிரி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. சமவெளியில் முள் எழாததும் டீசல் கூடுதலாகச் செலவாவதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதன் நேரடி விளைவுகள். ஏற்றத்தில் சூடாவதோ கழற்றுவதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஆகவே பழிதான் தெர்மோஸ்டாட்டின் மேல் விழுந்திருக்கிறது, குற்றம் வேறெங்கோ இருக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. இதைச் சற்று அளந்து சொல்வதற்குக் காரணம், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதே சூட்டை உண்டாக்கும் என்பதுதான்.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு சிறிய உலோகக் குப்பியும் அதில் அடைத்த மெழுகும்தான். சூடேறும்போது மெழுகு உருகிப் பருத்து நடுத்தண்டைத் தள்ள, சுருள்வில்லை அழுத்திக்கொண்டு வால்வு திறக்கிறது. சூடு தணிந்தால் மெழுகு சுருங்க, சுருள்வில் வால்வை மூடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் என்ற குறுக்கு வழியாக வாட்டர் பம்புக்கே திரும்பி எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிறது. கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு சிறிய தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கத் திறக்க இந்தத் தட்டு இறங்கிப் பைபாஸ் துளையை அடைக்கும். முழுச் சூட்டில் தண்ணீர் மொத்தமும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

இப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரேடியேட்டருக்கான வழி எப்போதும் திறந்திருக்கும். பைபாஸ் வழியும் எப்போதும் திறந்திருக்கும். தண்ணீர் எளிதான வழியைத்தான் தேடும் என்பதால், பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் எஞ்சினுக்கு வேலை குறைவு. ரேடியேட்டருக்குப் போகும் பங்கே தேவைக்கு மேல் குளிர்வித்துவிடுகிறது. முழு லோடுடன் இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறும்போது, டீசலின் மொத்த ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரில்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பங்கு போதாது. "தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் வேகமாக ஓடிவிடும், ஆற நேரமிருக்காது" என்று பட்டறைகளில் ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியன்று. ரேடியேட்டருக்குள் ஓட்டம் கூடினால் வெளியேறும் வெப்பமும் கூடவே செய்யும். மூடப்படாத பைபாஸ்தான் காரணம்.

குளிர்ந்த எஞ்சினை ஓட்டுவது வலிக்காத நோய். சூடான எஞ்சின் வழியில் நிறுத்திக் கத்தும். குளிர்ந்த எஞ்சின் சத்தமில்லாமல் தேயும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுதாக எரியாமல் சுவரில் ஒட்டி ஆயிலில் கலக்கும். எரிந்ததிலிருந்து வரும் நீராவியும் கந்தகமும் சேர்ந்து அமிலமாகப் படிந்து, சிலிண்டரின் உள்ளுறையான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரிக்கும். ஆயில் சேறுபோல் கட்டும். ஆகவே உங்கள் எஞ்சினுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை மறுபடி பொருத்துவதுதான் முதல் வேலை. அது இல்லாத நிலையில் மற்ற கோளாறைத் தேடினால் கிடைக்கும் எந்த அடையாளத்தையும் நம்ப முடியாது.

பொருத்திய பிறகு, உண்மையிலேயே சூடாகிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். பழைய லாரிகளில் முள் பொய் சொல்வது சகஜம். ஹெட்லைட் போட்டதும் முள் ஏறினால் அது எர்த் கோளாறு, எஞ்சின் கோளாறு அன்று. தொடாமலேயே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியின் அருகிலும், ரேடியேட்டரின் மேல் ஹோஸிலும், கீழ் ஹோஸிலும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். ரப்பர் மேலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ பிடிக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் மிகக் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் தண்ணீரைத் தள்ளவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை என்று பொருள். சொன்னவை மூன்றும் தெர்மோஸ்டாட் எஞ்சினின் வெளிவழியில் இருக்கும் அமைப்புக்குப் பொருந்தும். பெரும்பாலான லாரிகளில் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் லாரி ஏற்றத்தில் மட்டும் சூடாவதால் எனக்கு முதல் ஐயம் காற்றின் மேல்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஃபேன் ஒன்றையே நம்பியிருக்க வேண்டும். ஃபேனின் நடுவில், திரவத்தின் பிடிப்பால் ஃபேனைச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் இருந்தால், சூடேறியதும் அது பிடித்து, ஃபேன் பெரிய இரைச்சலுடன் சுழல வேண்டும். கிளட்சில் உள்ள சிலிக்கான் திரவம் கசிந்துவிட்டால் ஃபேன் சுழலத்தான் செய்யும், ஆனால் இழுக்காது. தொப்பூரில் ஏறும்போது அந்த இரைச்சல் கேட்கிறதா என்று உங்கள் டிரைவரைக் கேளுங்கள். சூடான எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்க வேண்டும். தள்ளியதும் பல சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை ஃபேன்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்து, கழற்றி எறியப்பட்ட லாரிகளையும் நிறையப் பார்க்கிறோம். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரிலிருந்து இழுப்பதை விட்டுப் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரேடியேட்டரின் முகம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் அழுக்கு முன்னால் தெரியாது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கோலும் பஞ்சும் மண்ணும் ஒரு மெத்தைபோல் சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிக் காற்றடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் இறகுகள் மடங்கி, அழுக்கை விடப் பெரிய அடைப்பாகிவிடும். முன் கிரில்லில் பெயர்ப் பலகை, தகர அலங்காரம், பூச்சி வலை ஆகியவற்றைக் கட்டியிருந்தால் ஒரு பயணத்துக்காவது அவிழ்த்து வைத்துப் பாருங்கள். பாடி கட்டும்போது அழகுக்காகச் செய்யும் இந்த வேலைகள் காற்றுக்கு எவ்வளவு குறுக்கே நிற்கின்றன என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதீர்கள். அது 0.7 பார் அழுத்தம் தாங்கும் மூடியாக இருந்தால், வெறும் தண்ணீரே ஏறக்குறைய 115 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் கொதிநிலை 100-க்கு இறங்கிவிடும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரிலோ 97 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். முள் சிவப்பைத் தொடாமலேயே தண்ணீர் வெளியே தள்ளுகிறது என்று எழுதியிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் இதுவே பதில். கீழ் ஹோஸையும் ஒரு முறை பாருங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அது உள்வாங்கித் தட்டையானால், உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருக்கிறது.

ஓட்டும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய கியரிலேயே எஞ்சினைத் திணறவிட்டு ஏறினால், பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுழல, எரியும் டீசலோ உச்சத்தில் இருக்கும். ஒரு கியர் குறைத்து, எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தி ஏறுவதே சூட்டுக்கு நல்லது.

இனி 76-ஆ, 82-ஆ என்ற கேள்வி. தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் எண், வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறப்பது அதற்குமேல் பத்து முதல் பதினைந்து டிகிரியில். 82 என்று பொறித்தது ஏறக்குறைய 95-இல் முழுதாகத் திறந்திருக்கும். 76 என்று பொறித்தது ஏறக்குறைய 90-இல். ஏற்றத்தில் உங்கள் தண்ணீர் 100-ஐத் தொடும்போது இரண்டுமே முழுதாகத் திறந்துதான் இருக்கும். அந்த நிலையில் சூட்டைத் தீர்மானிப்பவை ரேடியேட்டரும் ஃபேனும் பம்பும் மட்டுமே. குறைந்த எண் கொண்டதைப் போட்டால் சிவப்புக் கோட்டை எட்டுவதற்குச் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஏற்றம் சிறியதென்றால் அதற்குள் அது முடிந்துபோய், நோய் தீர்ந்ததுபோலத் தோன்றும். தீர்ந்திருக்காது. எனவே எஞ்சின் கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். "நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததுதான் சரி" என்ற கடைக்காரரின் யோசனைக்குச் செவிகொடுக்க வேண்டாம். எஞ்சினை வடிவமைத்தவர்கள் வெயிலையும் கணக்கில் எடுத்துத்தான் எண்ணைக் குறித்திருக்கிறார்கள்.

எண்ணை விட முக்கியமானது உருவம், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேல் விளிம்பின் விட்டம் பொருந்தினால் போதும் என்று கடையில் ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். அடியில் பைபாஸ் தட்டு இருக்கிறதா, தட்டின் விட்டம் பழையதுடன் ஒக்கிறதா, விளிம்பிலிருந்து தட்டு வரையிலான உயரம் சரியா என்று மூன்றையும் பழையதோடு வைத்து ஒப்பிட வேண்டும். உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தால்கூடத் தட்டு பைபாஸ் துளையை எட்டாது. புதிய தெர்மோஸ்டாட் போட்டும் போடாதது மாதிரியேதான் இருக்கும். உங்கள் பழையது குப்பைக்குப் போயிருந்தால், எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் எழுதி எடுத்துச் சென்று பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடல் லாரியில், இடையில் எஞ்சின் மாற்றம் செய்யப்பட்டிருந்தால், வெவ்வேறு தெர்மோஸ்டாட் வரக்கூடும்.

பொருத்தும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம், அதாவது சூடான தண்ணீர் பக்கம், இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் ஊசி ஒன்று இருந்தால் அது மேற்பக்கம் வர வேண்டும். சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதைப் போடுங்கள். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசினால் பிதுங்கிய துண்டுகள் போய் ரேடியேட்டர் குழாயில் உட்காரும். தண்ணீர் நிரப்பும்போது காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றுங்கள்.

கேள்வி: வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் ரேடியேட்டரில் குமிழ் வருகிறது. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) தூக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செலவை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.
– நாமக்கல் வாசகர்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. குமிழ் வந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போய்விட்டது என்பது காருக்குப் பெரும்பாலும் பொருந்தும் முடிவு. லாரியில் இன்னொரு குற்றவாளி இருக்கிறது: ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர். பல லாரிகளில் கம்ப்ரசரின் தலையைக் குளிர்விக்க எஞ்சின் தண்ணீரே குழாய் வழியாக வந்து போகிறது. அந்தத் தலையின் கேஸ்கெட் எரிந்தாலோ, தலையில் விரிசல் விட்டாலோ, பிரேக் டேங்குக்குப் போக வேண்டிய அழுத்தக் காற்று தண்ணீருக்குள் புகும். காற்றுப் பை உருவாகும்; தண்ணீர் நிரம்பி வழிந்து வெளியேறும்; எஞ்சின் சூடாகும். அடையாளங்கள் அனைத்தும் ஹெட் கேஸ்கெட் போனதைப் போலவே இருக்கும்.

இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. டேங்கில் காற்று நிரம்பியதும் 'புஸ்' என்ற ஒலியுடன் கம்ப்ரசர் சுமையிலிருந்து விடுபடுமல்லவா, அப்போது குமிழைக் கவனியுங்கள். காற்று ஏறும்போது குமிழ் அதிகமாக வந்து, நிரம்பிய பின் நின்றோ மிகக் குறைந்தோ போனால், ஹெட்டைத் தொட வேண்டாம், கம்ப்ரசரைக் கழற்றுங்கள். ஐயம் தீராவிட்டால், கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர்க் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாய்களைத் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் கம்ப்ரசரை நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. குமிழைப் பார்க்கும் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்துவைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கம்ப்ரசர் சுமையில்லாமல் ஓடும்போதும் குமிழ் ஒரே சீராக வந்தால், அதுவும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், மெக்கானிக் சொன்னது சரி. தண்ணீர் சூடேறி விரிவதற்கு முன்பே அழுத்தம் உருவாகிறது என்றால் அது சிலிண்டரிலிருந்து வரும் வாயுதான்.

குமிழ் இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் கதை வேறு. பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரங்களுக்கு ஏற்ற எஞ்சின்களில், புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் இருந்தால், அதற்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் புகைக்குழாயில் ஆவியாகப் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெகுநேரம் வெண்புகை வருவதும், அதில் கூலன்ட்டின் இனிப்பு வாடை அடிப்பதும் இதன் அறிகுறிகள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயில் தேங்கும் சம்பிற்குள் இறங்குகிறது. அதோடு வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

கேள்வி: ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறோம். லாரி எஞ்சின் சூடாவதில்லை. மேலே உள்ள கம்ப்ரசர் எஞ்சின் மட்டும் முழு லோடில் ஓடும்போது சூடாகிறது. ஐடிலில் சாதாரணமாக இருக்கிறது. ரேடியேட்டரைப் புதிதாக்கியும் பயனில்லை.
– திருச்செங்கோடு வாசகர்

பதில்: ஓடும் லாரிக்குக் காற்று வந்து உதவும். நின்ற இடத்தில் மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடும் ரிக் எஞ்சினுக்கு அந்த உதவி கிடையாது. துளையிலிருந்து கிளம்பும் பாறைத் தூளும் அதையே சூழ்ந்திருக்கும். தூளோடு ஆயில் கசிவும் சேர்ந்தால் ரேடியேட்டர் இறகுகளில் சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும். காற்றடித்தால் போகாது, கழுவும் திரவம் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, தூசி ரேடியேட்டருக்கு எதிர்ப்பக்கம் போகும்படி நிறுத்துவது செலவில்லாத வைத்தியம். கட்டடச் சுவரை ஒட்டி நிறுத்த நேர்ந்தால், வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி மறுபடி உள்ளே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்ப்ரசர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் அதன் சூட்டையும் ரேடியேட்டரே சுமக்கிறது. ஆயில் பக்கத்துக் கோளாறு தண்ணீர் பக்கத்தில் தெரியவரும்.

ஆனால் ரேடியேட்டர் புதிது என்றும், ஐடிலில் கோளாறில்லை என்றும் எழுதியிருப்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். இவ்வளவு பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் ஒரே கூட்டுக்குள் இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கும். ஒன்று மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், மற்றது ஐடிலுக்குப் போதுமான தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். முழு லோடில்தான் பற்றாக்குறை வெளிப்படும். கூட்டைத் திறந்து, இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அவற்றில் பொறித்திருக்கும் எண்கள் வேறுபட்டிருந்தால், எது எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துக்கொண்டு அதே இடத்தில் போடுங்கள். ஸ்குரூ கம்ப்ரசரின் ஆயில் பாதையிலும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது எஞ்சினுக்கா, கம்ப்ரசருக்கா என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: பி.எஸ்.6 லாரியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓட்டினால் என்ன?
– கரூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் விற்பனையாகும் இந்த வண்டிகளில், எஞ்சின் உரிய சூட்டுக்கு வந்துவிட்டதா என்பதைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. குறித்த நேரத்துக்குள் தண்ணீர் சூடேறாவிட்டால் பிழை விளக்கை எரியவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் புகைக்கரி வடிகட்டியில் வரும். அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை, எஞ்சின் சூடாக இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். நடக்காவிட்டால் வடிகட்டி அடைத்து, வண்டியின் இழுவைத் திறனையே கம்ப்யூட்டர் குறைத்துவிடும். அந்த வடிகட்டியின் விலையில் தெர்மோஸ்டாட்டுகள் பல வாங்கலாம்.

கேள்வி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றினால் போதாதா? கூலன்ட் குளிர் நாட்டுக்காரர்களுக்கு அல்லவா?
– ராசிபுரம் வாசகர்

பதில்: உறையாமல் காப்பது கூலன்ட்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே, நமக்குத் தேவையானது மற்ற இரண்டும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மூடியின் அழுத்தம் இல்லாமலேயே ஏறக்குறைய 107 டிகிரி வரை கொதிக்காது. அடுத்தது அரிப்பைத் தடுப்பது. தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர் உள்ள எஞ்சின்களில், பிஸ்டன் அடிக்கும்போது லைனர் அதிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி வெடிக்கின்றன; அந்த வெடிப்பு நாளடைவில் லைனரில் ஊசித் துளைகளைப் போட்டுவிடும். கூலன்ட்டில் உள்ள இரசாயனங்கள் லைனர் மேல் படலமாகப் படிந்து இதைத் தடுக்கின்றன. போர் தண்ணீரில் இந்தக் காப்பு இல்லை. மாறாக அதன் உப்பு சூடான பகுதிகளிலும் தெர்மோஸ்டாட் தண்டிலும் பாறையாகப் படியும். தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்வதற்கு இந்த உப்புப் படிவு ஒரு முக்கியக் காரணம். பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீரைக் கலந்து பயன்படுத்துங்கள். நிறத்தைப் பார்த்து இரு வகைக் கூலன்ட்டைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை, டப்பாவில் எழுதியிருக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வழியில் கொதித்துவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றலாமா?
– மேட்டூர் வாசகர்

பதில்: லோடை இழுப்பதை நிறுத்தி, ஓரம்கட்டி, தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் எஞ்சினை உடனே அணைக்காமல் ஐடிலில் விடுங்கள், பம்பும் ஃபேனும் சுழன்று சூட்டைப் பரவவிடாமல் இறக்கும். தண்ணீர் கொட்டிப் போயிருந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, முள் சிவப்பிலிருந்து இறங்க மறுத்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். மூடியைக் கை வைத்துத் தொட முடியும் அளவுக்கு ஆறும் வரை திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும், கிளீனர்கள் பலர் கையும் முகமும் வெந்துபோவது இப்படித்தான். வறண்டு கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடும். ஆறிய பின், எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கேள்வி: கழற்றி வைத்திருக்கும் பழைய தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? நன்றாக இருந்தால் அதையே மாட்டலாமா?
– குமாரபாளையம் வாசகர்

பதில்: பார்க்கலாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையிலேயே வால்வு விளிம்பில் இடைவெளி தெரிந்தால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. மூடியிருந்தால், வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அது பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அடிப்பகுதி தண்ணீரை விடச் சூடாக இருக்கும். பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, மெதுவாகச் சூடேற்றி, கிளறிக்கொண்டே இருங்கள். வால்வு திறக்கத் தொடங்கியதும் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்த நேரத்து வெப்பநிலை, பொறித்த எண்ணிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் சரி. மேலும் சூடேற்றி 95 டிகிரிக்குக் கொண்டுபோய், வால்வு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான லாரி எஞ்சின்களுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், துல்லியமான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். பிறகு ஆறவிட்டு, வால்வு சிக்காமல் முழுதாக மூடுகிறதா என்றும் கவனியுங்கள். திறந்த அதே டிகிரியில் மூடாமல் சற்றுக் கீழே இறங்கிய பின் மூடுவது இயல்பு.

மூன்றிலும் தேறினால் அதையே மாட்டலாம். தண்டில் உப்புப் படிந்து, ஆறும்போது தயங்கித் தயங்கி மூடினால், சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டாதீர்கள். படிவு தண்டின் ரப்பர் உறைக்குள்ளும் புகுந்திருக்கும், புதியதை வாங்குவதே சரி. எஞ்சின் ஒரு முறை கொதித்து நின்றிருந்தாலும், சோதனையில் தேறியதைக்கூட மாற்றிவிடுவது நல்லது. அதிகச் சூடு பட்ட மெழுகுக் குப்பி பின்னர் கசியத் தொடங்கி, வால்வு திறக்காமல் போகக்கூடும்.